பீர் முகம்மதுவின் தொண்டைப் பை

பத்தமடை பீர் முகம்மதுவுக்கு எதிலும் அவசரம். சவூதியில், தம்மாமில் இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டியவர். ஸ்டியரிங்கில் ஒரு கை, குபூஸ் ரொட்டியில் ஒரு கை என்று பழகிய வாய், ஊர் திரும்பி எட்டு வருடமாகியும் மெல்லக் கற்றுக்கொள்ளவில்லை. பரோட்டாவை அவர் தின்பதில்லை, உள்ளே அனுப்பிவைப்பார்.

சமீபமாக, அனுப்பியது போய்ச் சேரவில்லை. காலையில் தின்ற இடியாப்பம் மத்தியானம் குனிந்தால் வாய்க்கு வந்தது. தண்ணீர் குடித்தால் தொண்டை களகளத்தது. இதைவிடப் பெரிய வம்பு பிரஷர் மாத்திரையால் வந்தது. மனைவி ஷரீபா பீவி மாத்திரை அட்டையைக் கத்தரியால் துண்டு துண்டாக நறுக்கி, தினம் ஒன்று கையில் கொடுப்பாள். பிரஷரோ இறங்குவதாக இல்லை. ஒருநாள் குப்பைக்கூடையைக் கொட்டிப் பார்த்தாள். மாத்திரை தின்றிருந்தால் வெறும் அட்டையாவது கிடக்க வேண்டுமே? ஒன்றுகூட இல்லை. ஆள் அட்டையோடு வாய்க்காலில் வீசுகிறார் என்று முடிவுகட்டிவிட்டாள்.

"அல்லா மேல ஆணையா முழுங்கத்தான் செய்யுதேன்," என்றார் அவர்.

அவள் நம்பவில்லை. தம்மாமில் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, போனில் நன்றாக இருப்பதாகவே சொல்லிச் சமாளித்த மனிதர். அன்றிலிருந்து உடம்பு விஷயத்தில் அவர் பேச்சை அவள் சட்டை செய்வதில்லை. இந்த முறை அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். தொண்டையைவிட அதுதான் அவருக்கு வலித்தது.

அதனால் பாளையங்கோட்டை டாக்டரிடம் தனியாகத்தான் போனார். டாக்டர் மெட்ராஸ்காரப் பெண். வெள்ளை மருந்து ஒன்றைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார். உணவுக்குழாயின் வாசலில் பை மாதிரி ஒன்று பிதுங்கியிருக்கிறது, தின்பதெல்லாம் அதில் தங்குகிறது, உள்ளே என்னவோ கிடக்கிறது என்று விளக்கிவிட்டு, "பைய எடுத்துடலாம்," என்றார்.

பையை என்பதை மெட்ராஸ்காரர்கள் பைய என்பார்கள். திருநெல்வேலியில் பைய என்றால் மெதுவாக. அவசரக்காரர் ஆயுளில் முதல்முறையாக நிதானமாக வீட்டுக்குத் திரும்பினார். ஒரு மாதம் கழித்து, சோறு இறங்காமல் பாதியாக இளைத்துப் போய் நின்றபோது, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று டாக்டர் கோபப்பட்டார்.

"நீங்கதானம்மா பைய எடுத்துக்கிடலாம்னு சொன்னிய?"

உள்ளூர்க்காரியான நர்ஸ் இஷ்ரத்துதான் சிரித்துக்கொண்டே இருவருக்கும் விளங்கவைத்தாள். அந்த வாரமே கழுத்தோரம் கீறிப் பையை எடுத்தார்கள்.

கண்விழித்தபோது கட்டிலருகே ஷரீபா பீவி நின்றாள். டாக்டர் ஒரு தட்டை நீட்டினார். அதில் ஒரு ஏலக்காயும், நான்கு அட்டைத் துண்டுகளும் இருந்தன. துண்டுக்கொரு மாத்திரை, பிரிக்கப்படாமல் உள்ளேயே இருந்தது. பிரித்துத் தின்னக்கூட அவருக்குப் பொறுமை இருந்ததில்லை.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நெசமாத்தான் முழுங்கியிருக்கிய. நாந்தான் உங்களத் தப்பா நெனச்சிட்டேன்."

நாற்பது வருடக் குடும்பத்தில் அவர் கேட்டறியாத பேச்சு. பதில் சொல்ல ஆயிரம் இருந்தது. ஆனால் ஒரு வாரம் வாய் திறக்கக் கூடாதென்பது டாக்டர் உத்தரவு. பீர் முகம்மது பைய ஒரு விரலைத் தூக்கிக் காட்டி, அப்புறம் தன் காதைத் தொட்டார். இன்னொரு தடவை சொல் என்கிறார்.