மாரிக் கலியாணத்தில் முசுட்டை வறை

இருபத்தாறு வருடம் கலியாணச் சமையல் ஓடர் எடுத்துச் செய்தவள் நான். இப்போது முழங்கால் சொல்வழி கேட்பதில்லை, விட்டுவிட்டேன். ஆனாலும் புதிதாகக் கேற்றரிங் தொடங்கிய பிள்ளைகள் போனில் விடுவதில்லை. “மலரக்கா, கார்த்திகையிலை கலியாணம், என்ன மெனு போடலாம்?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக நான் விட்ட ஒரு பெரிய பிழையை எழுதி வைக்கிறேன். நன்றாகச் செய்ததைச் சொல்லிக்கொண்டு திரிய எனக்கு எப்போதுமே வாய் நீளம். இது அப்படியில்லை.

1. தோட்டக்காரர் வீட்டு ஓடர்

வட்டுக்கோட்டைப் பக்கம் சிவலிங்கம் அண்ணை என்று ஒரு தோட்டக்காரர். என்னுடைய பாதி ஓடர்களுக்குக் கத்தரிக்காய் அவரிடம்தான் வாங்குவேன். மகளுக்குக் கார்த்திகைக் கடைசியில் நாள் வைத்திருந்தார். மாப்பிள்ளை வீடு அரியாலை. மெனு எழுத நான் அவர் வீட்டுக்குப் போனபோது, ஒரு கிழமையாக மழை விடாமல் அடித்து, தோட்டம் முழுக்க முழங்கால் தண்ணீர். கத்தரி வேரோடு அழுகிவிட்டது.

“தங்கச்சி, எத்தினை கலியாணத்துக்கு என்ரை கத்தரிக்காய் போயிருக்கு. என்ரை பிள்ளையின்ரை பந்திக்கு என்ரை கையாலை வைக்க ஒண்டும் இல்லை. அரியாலை ஆக்கள் ஒரு குறை சொல்லிப்போடக் கூடாது,” என்றார்.

மாரியில் மெனு எழுதுவது லேசுப்பட்ட வேலை இல்லை. சந்தைக்கு வெளியூரிலிருந்து வரும் கத்தரிக்காய் தண்ணீர் குடித்துச் சப்பென்று இருக்கும். முருங்கை பூவை உதிர்த்துவிட்டு நிற்கும். பயற்றங்காயில் கறுப்புப் புள்ளி. ஆகையால் மழைக்காலத்தில் நான் மண்ணுக்குக் கீழே விளைவதைத்தான் முதலில் நம்புவேன். மேட்டுக்காணியில் மரவள்ளி கிடைத்தது. அதைத் தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைப்பது, வாழைக்காய் பொரிப்பது, பூசணிக்காயில் ஒரு கறி, பாயாசத்துக்குப் பதிலாக இராசவள்ளிக் கிழங்குக் கஞ்சி என்று எழுதினேன்.

அண்ணையின் மனைவி இராசமக்கா அதிகம் கதைக்காதவர். எல்லாவற்றையும் கேட்டிருந்துவிட்டு, “வேலி முழுக்க முசுட்டை தழைச்சுக் கிடக்கு. அதிலையும் ஒரு வறை வறுப்பமே?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. முசுட்டை மழைக்கு வேலியில் தானாகப் படரும் கொடி. வீட்டில் நாங்களும் அதன் இலையைத் துருவிய தேங்காயோடு வறையாக வறுத்து விரும்பித்தான் சாப்பிடுவோம். கலியாணப் பந்தியில் போடுவதாவது!

“என்னக்கா, வேலியிலை கிடக்கிற இலையை ஆரும் சம்பந்திக்குப் போடுவினமே? எனக்கெல்லோ மானம் போகும்,” என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. நான் அதைப் பார்த்தும் பார்க்காதவள்போல அடுத்த வரியை எழுதினேன். எவ்வளவு தடித்த தோல் எனக்கு.

2. இரண்டு கப் தேத்தண்ணீர்

மண்டபம் வேண்டாம், வீட்டில்தான் என்று அண்ணை ஒற்றைக் காலில் நின்றார். தகரப் பந்தல் போட்டாயிற்று. கலியாணத்தன்று விடியவே தொடங்கிய மழை. அரியாலையில் இருந்து வந்த சனம் வான் வண்டிக் கதவைத் திறந்து பந்தலுக்கு வருவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்குப் பல்லுக் கிட்டியது. எனக்கு மனம் கேட்கவில்லை. தேத்தண்ணீர் போடுகிற தேவனைக் கூப்பிட்டு, “இஞ்சியைத் தட்டித் தாராளமாப் போடு. சனம் குளிரிலை நடுங்குது,” என்றேன்.

எங்கள் தொழிலில் மெனு லிஸ்ற் என்றால் இலையில் விழுவது மட்டும்தான். தேத்தண்ணீர் அதில் வராது. அதை ஒருவரும் எழுதுவதும் இல்லை, பார்ப்பதும் இல்லை. இரண்டு பெரிய கேத்தல் இஞ்சித் தேத்தண்ணீர் ஓடி முடிந்தது. நல்ல காரியம் செய்தேன் என்று நானும் ஒரு கப் குடித்தேன்.

தாலி கட்டி முடிந்து, இலை போடுகிற நேரம். மாப்பிள்ளையின் தாய் புவனம் அக்கா, பட்டுச்சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சமையல் கொட்டிலுக்குள் வந்து பெரிய அண்டாவைக் காட்டினார். கறாரான மனுசி என்று ஊரெல்லாம் பெயர்.

“தங்கச்சி, உந்தக் கிடாரத்திலை என்ன?”

“மரவள்ளிக் கறி அக்கா. பால் விட்டது.”

“நான் இப்பதான் இஞ்சித் தேத்தண்ணி ரண்டு கப் குடிச்சிட்டு வாறன்,” என்றார் மெதுவாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மரவள்ளி வைக்கும் வீட்டில் அன்றைக்கு இஞ்சியைத் தொடமாட்டோம். இரண்டும் வயிற்றில் சேர்ந்தால் நஞ்சு என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த சனம் நாங்கள். இரண்டையும் ஒரே கலியாண வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான். இந்தக் கதை பந்தலுக்குப் போனால் இருநூற்றைம்பது பேரும் இலையை விட்டு எழும்புவார்கள். சிவலிங்கம் அண்ணை வீட்டில் நஞ்சு வைத்தார்கள் என்று பேரப்பிள்ளை காலம் வரைக்கும் கதைப்பார்கள்.

“நான்தான் அக்கா இஞ்சி போடச் சொன்னனான். என்ரை பிழை,” என்றேன்.

“பிழையைப் பிறகு கதைப்பம். எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இன்னும் யோசிக்கேல்லை. கிடாரத்தை மூடி அங்காலை வையும். அந்த இடத்துக்கு என்ன போடப்போறீர்?”

மூலையில் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்த இராசமக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“வேலி இருக்கு,” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு நான் சிரித்ததைச் சொல்லிக் காட்டவில்லை. அதற்கு நான் இன்றைக்கும் அவருக்குக் கடமைப்பட்டவள்.

“அரை மணித்தியாலம் காணுமோ?” என்று கேட்டார் புவனம் அக்கா. போதும் என்றேன். “அப்ப அதுவரைக்கும் நான் சனத்தைப் படத்துக்கு நிப்பாட்டுறன்,” என்றுவிட்டுப் போனார். பிறகு அவருடைய குரல்தான் பந்தலில் கேட்டது. “பெரியப்பா பகுதி ஆக்கள் வாங்கோ. மாமி ஆக்கள் எங்கை? இன்னும் படத்துக்கு நிக்காத ஆக்கள் எல்லாரும் வாங்கோ.” படம் பிடிக்கிற பொடியன் களைத்தே போயிருப்பான்.

இங்கே எட்டுப் பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மழைக்குள் இறங்கினோம். கிளுவை வேலி நெடுக முசுட்டை. ஓலைக் கடகம் கடகமாக ஆய்ந்து, மூன்று தண்ணீரில் அலசி, அடுக்கிப் பிடித்து மயிர் போல அரிந்தோம். வெங்காயமும் பச்சைமிளகாயும் வதங்கியதும் இலையைப் போட்டு, தேங்காய்ப்பூவைத் தூவிப் பிரட்டினேன். மணம் வந்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த நேரம் சிவலிங்கம் அண்ணை வந்து, “மரவள்ளி எங்கை?” என்று கேட்டார். ஒளிக்காமல் சொன்னேன். என்னைப் பார்த்தார், மனைவியின் நனைந்த சேலையைப் பார்த்தார். வறை வாளியைத் தானே தூக்கிக்கொண்டு பந்திக்குப் போனார்.

3. பிறகு

சனம் கலைந்தபின் மரவள்ளிக் கறியைப் பின்வளவில் கொட்டினேன். கொட்டும்போது அழுகை வந்தது, அழுதேன். மரவள்ளியும் இஞ்சியும் உண்மையில் என்ன செய்யும் என்று படித்தவர்கள் சொல்லட்டும். பயந்து பயந்து சாப்பிட்டால் அது விருந்து இல்லை. அன்றிலிருந்து என் மெனு லிஸ்ற்றில் முதல் வரி தேத்தண்ணீர். அதில் என்ன விழுகிறது என்பதை எழுதிவிட்டுத்தான் கறிக்குப் போவேன். நீங்களும் அப்படி எழுதுங்கள். வீட்டுக்காரர் தங்கள் காணியில் ஒன்று நிற்கிறது என்றால், சிரிக்க முன்னம் போய்ப் பாருங்கள்.

ஏன் என்னை ஏசவில்லை என்று புவனம் அக்காவிடம் பிறகு ஒருநாள் கேட்டேன். “உமக்காக இல்லைத் தங்கச்சி. அண்டைக்கு ஒரு கதை வந்திருந்தால் அது என்ரை மருமோளின்ரை தலையிலையெல்லோ விழும்,” என்றார். அடுத்த மாரியில் தன் மகளின் கலியாண ஓடரையும் எனக்கே தந்தார்.

அந்தப் பந்தியில் ஒன்று பார்த்தேன், அதைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். அரியாலைப் பெரியவர் ஒருவர் மூன்றாம் முறை வறை வாங்கிக்கொண்டு, “அண்ணை, இந்த மழையுக்கை இவ்வளவு முசுட்டை எங்கை வாங்கினனீங்கள்?” என்று கேட்டார்.

சிவலிங்கம் அண்ணை வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“வாங்கேல்லை. எங்கடை காணியிலை நிண்டது,” என்றார்.