விறகை நிறுக்கப் போன கதை

அந்தப் பாடத்தின் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது: எரிசக்தி, கனிமம், சுற்றுச்சூழல் பொருளாதாரம். திருப்பதியில் நான் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படித்தபோது அதை விருப்பப் பாடமாக வைத்தார்கள். ஐந்து பேராவது சேர்ந்தால்தான் வகுப்பு நடக்கும் என்று அதை நடத்தவிருந்த மேடம் சொல்லிவிட்டார். ஆசைப்பட்டது நானும், சூளூர்பேட்டையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த என் தோழியும் மட்டும்தான். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு நாடு கதவைத் திறந்துவிட்டிருந்த புதிது. வகுப்பில் பாதிப்பேர் ஏற்றுமதிக் கம்பெனி வேலையைப் பற்றிப் பேசினார்கள், மற்றவர்கள் சாயங்காலமானால் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடினார்கள். நாங்கள் கேன்டீனில் மேசை மேசையாகப் போய் ஆள் பிடித்தோம். "அட்டெண்டென்ஸ் எல்லாம் பாக்க மாட்டாங்களாம்" என்று தோழி கூசாமல் ஒரு பொய்யை எடுத்து விட்டாள். மூன்று பேர் சிக்கினார்கள்.

முதல் வகுப்பிலேயே எனக்குத் தலை கிறுகிறுத்தது. பூமிக்குள் கிடக்கும் கல்லை இன்றே வெட்டி எடுப்பதா, விட்டுவைத்துப் பிறகு எடுப்பதா என்று மேடம் கரும்பலகையில் ஒரு வளைகோடு போட்டுக் காட்டினார். எங்கள் ஊர் வடமாலபேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பா குவாரியில் கல் உடைப்பவர். அவர் வேலையைப் பற்றி ஒரு வளைகோடு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. வீட்டுக்கு ஓடி வந்து, கால் கழுவிக்கொண்டிருந்தவரிடம் மூச்சு வாங்கக் கேட்டேன்.

"நைனா, கல்ல இன்னிக்கே எடுத்தா லாபமா, இருபது வருஷம் கழிச்சு எடுத்தா லாபமா?"

"இருவது வருஷம் கயிச்சி யாரு எடுக்கறது? எனக்குக் கையே தூக்காது" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "இத்தப் படிக்கத்தான் டெய்லி பஸ் ஏறிப் போய்க்கினு இருக்கியா நீ?"

மறுநாள் குவாரியில் எல்லோரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். ஒரு வாரத்துக்கு அதே பேச்சாம்.

அடுத்து, கிராமத்து வீடுகளில் என்ன எரிக்கிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். நானும் தோழியும் எங்கள் ஊரையே எடுத்துக்கொண்டோம். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ விறகு என்று படிவத்தில் இருந்தது. எந்த வீட்டிலும் கிலோவில் பதில் வரவில்லை. "ஒரு கட்டு" என்றார்கள். கட்டு என்றால் எவ்வளவு? கைகளை விரித்துக் காட்டினார்கள். "கைய எப்படிடி ஃபார்ம்ல எழுதறது?" என்றாள் தோழி.

ரோட்டோரத்தில் மாங்காய் மண்டி ஒன்று இருந்தது. சீசன் முடிந்து, அங்கிருந்த பெரிய எடைமேடை சும்மா கிடந்தது. மண்டிக்காரரைக் கேட்டோம், தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். மலையிலிருந்து விறகு சுமந்து இறங்கும் பெண்கள் காலை பத்து மணிக்கு அந்த வழியாகத்தான் வருவார்கள். அவர்களை நிறுத்தி, சுமையை இறக்கி வைத்து நிறுத்து எழுதினோம். நான்கைந்து கட்டு ஒழுங்காகத்தான் நடந்தது.

அப்புறம் ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "கட்டைய மட்டும் நிறுக்கறியே, என்ன நிறுக்க மாட்டியா?"

சொல்லி முடிப்பதற்குள் மேடையில் ஏறி நின்றுவிட்டாள். முள் ஆடி நின்றது. எடையைச் சொன்னதும் மற்றவர்கள் ஓவென்று கத்தினார்கள். உடனே வரிசை கட்டிவிட்டார்கள். பக்கத்துத் தெருவிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள், ஒருத்தி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறினாள். தோழி, "ஐயோ தேவுடா, சர்வே போச்சு!" என்று தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிப் புலம்பிக்கொண்டே ஒவ்வொருத்தி எடையையும் அவள் விறகின் எடைக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொண்டிருந்தாள்.

வரிசையில் என் அம்மாவும் இருந்தாள். அவள் நாற்பத்தொரு கிலோ, அவள் கட்டு இருபத்தேழு.

"அட, நான் இம்மாந்தான் இருக்கனா?" என்று அவள் சிரித்தாள். எனக்கு ஒரு நொடி சிரிப்பு நின்றுபோனது. அவள் கட்டைத் தூக்கி என் தலையில் வைக்கச் சொன்னேன். ஆறு அடி நடந்திருப்பேன். ரோடு சாய்ந்தது, புளியமரம் சாய்ந்தது, நான் விறகோடு மண்ணில் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்னைத் தூக்கிவிட வந்த தோழியும் சிரிப்பு தாங்காமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கிறுக்கிய தாள்களை மேடம் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். "இதென்ன இன்னொரு நம்பர்?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை எடுத்து, ஒவ்வொரு கட்டின் எடையையும் அதைச் சுமந்தவளின் எடையால் வகுத்துக்கொண்டே போனார். பக்கம் முடிந்ததும் நிமிர்ந்தார்.

"பாதிக்கு மேல. ஏறக்குறைய எல்லாருக்கும் உடம்பில பாதிக்கு மேல" என்றார். "விறகு சும்மா கிடைக்குதுன்னு புத்தகத்துல எழுதி வச்சிருக்கான். இத செமினார்ல நீயே பேசு."

செமினாரில் நானே பேசினேன். என் ஆங்கிலம் முதல் ஐந்து நிமிடம் தடுமாறியது. வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியர் எழுந்து, எரிபொருள் ஆய்வில் பெண்களை எதற்கு நிறுத்துப் பார்த்தீர்கள் என்று கேட்டார்.

"நாங்கள் நிறுக்கவில்லை சார். அவர்களே ஏறி நின்றார்கள்" என்றேன்.

அரங்கம் சிரித்தது, அவரும் சிரித்தார். பிறகு உட்கார்ந்து என் எண்களைக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார். அதைப் பார்த்த பிறகு என் ஆங்கிலம் எங்கும் நிற்கவில்லை.

தோழி அடுத்த வருஷம் கம்ப்யூட்டர் படிக்க ஐதராபாத் போனாள், அங்கிருந்து இன்னும் தூரம் போனாள். நான் அதே துறையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். ஆனால் செமினார் முடிந்த அன்று எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. எங்கள் ஊருக்குப் போகலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, பேசிக்கொண்டே ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். சந்திரகிரி தாண்டிய பிறகு கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டபோதுதான் அது எங்கள் ஊர்ப் பக்கமே போகாத சித்தூர் பஸ் என்று தெரிந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"சித்தூரே ரெண்டு குடுங்க" என்றாள் தோழி.