ஆவரேஜ் போட்டு ஓட்டிய ஜீப்

மாப்பிள்ளை அழைப்பில் மாப்பிள்ளையே வண்டியைத் தள்ளிப் பார்த்திருக்கிறீர்களா?

நான் போன வாரம் பார்த்தேன். கோட்டு, சூட்டு, கழுத்தில் ரோஜா மாலை. கையிலிருந்த பூச்செண்டை நாயனக்காரரிடம் கொடுத்துவிட்டு, டெல்லி புசா ரோடு பக்கத்துத் தெருவில் மாப்பிள்ளை மூச்சுப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். மதராஸிகளின் சம்பிரதாயம் போலிருக்கிறது என்று நினைத்து ஒரு சர்தார்ஜி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பயபக்தியோடு தானும் ஒரு கை கொடுத்தார்.

எப்படி வந்தது இந்த நிலைமை? சொல்கிறேன்.

மோதி பாக்கில் என் அடுத்த வீட்டுக்காரர் பஞ்சாபகேசன். மத்திய சர்க்காரில் அண்டர் செக்ரட்டரி. போன வருஷம் ராணுவம் வேண்டாம் என்று ஏலம் விட்ட பழைய ஜீப் ஒன்றை எடுத்து வந்தார். நான்கு சக்கரமும் இழுக்கிற ஜாதி. மலையேறும், மணலில் போகும், ஆற்றைக் கடக்கும் என்றார். வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போகிற வழியில் இவற்றில் எதுவும் கிடையாது. அவர் மனைவி ராஜம் மட்டும், "இதுக்கு ஒரு யானையை வாங்கியிருக்கலாம். அதுவாவது தானா நடக்கும்" என்றார்.

அப்போதுதான் மகள் உமாவுக்குத் திருச்சியில் வரன் அமைந்தது. பையன் ஒரு தொழிற்சாலையில் என்ஜினீயர். சம்பந்தியம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும்.

"திறந்த காரா? எங்காத்து ஜீப்பே திறந்துதான் இருக்கு!" என்று சபையில் வாக்குக் கொடுத்துவிட்டார் பஞ்சாபகேசன்.

வாக்குக் கொடுத்த மாதமே ஜீப்பின் பின் ஆக்சிலில் சக்கரங்களைச் சுழற்றுகிற பல்பெட்டி, அதாவது டிஃபரென்ஷியல், பல் உடைந்து உட்கார்ந்துவிட்டது. மெக்கானிக் உடைந்ததைக் கழற்றியதோடு நில்லாமல் காயலான் கடையிலும் போட்டுவிட்டான். புதிதாக வாங்கப் போனால் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டார். "முன் ஆக்சில் ரேஷியோ என்ன, சாப்? பின்னாலும் அதுவேதான் வேணும்."

ரேஷியோ என்றால் பயப்படாதீர்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, அதைச் சுழற்றுகிற நீளத் தண்டு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும்? அந்தக் கணக்குத்தான். முன்னுக்கும் பின்னுக்கும் அது ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான்கு சக்கரத்தையும் சேர்த்து இழுக்கவிடும்போது முன் சக்கரம் ஒரு வேகத்தில் போகப் பார்க்கும், பின் சக்கரம் வேறு வேகத்தில் போகப் பார்க்கும். நடுவில் இருக்கிற பெட்டிக்குள் ஏதாவது உடையும்.

சுண்ணாம்புக்கட்டியால் சக்கரத்தில் ஒரு கோடு, தண்டில் ஒரு கோடு. சுற்று, எண்ணு. கால் மணி வேலை. அதாவது, சாதாரண ஜனங்களுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜாக்கியோடு நாங்கள் இறங்கியபோது ராகவாச்சாரி வந்து சேர்ந்தார். டெபுடி செக்ரட்டரி. பஞ்சாபகேசனுக்கு நேர் மேலதிகாரி. வருஷா வருஷம் பஞ்சாபகேசனைப் பற்றி ரகசிய ரிப்போர்ட் எழுதுகிற புண்ணியவான். இவர் ப்ரமோஷன் அவர் பேனாவில் இருக்கிறது. காலனியில் யார் வீட்டில் பால் திரிந்தாலும் ஆலோசனை சொல்ல வருகிறவர், ஜீப்பை விடுவாரா?

"ஒரு சக்கரத்தைத் தூக்கினாப் போறும்யா. எதுக்கு ரெண்டு?" என்றார். நாற்காலி வந்தது. காபி வந்தது. முன்னால் இடது சக்கரத்தை மட்டும் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினோம். தண்டு இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியது.

பஞ்சாபகேசனுக்கு மனசு கேட்கவில்லை. ராகவாச்சாரி காபி குடித்து முடிப்பதற்குள் இன்னொரு சக்கரத்தையும் தூக்கிச் செங்கல் வைத்து, பஞ்சாபகேசன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் சேர்ந்தாற்போல் சுற்றினோம். இப்போது ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவு!

கல்யாணப் பெண் உமா வாசல் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பி.எஸ்ஸி. பிசிக்ஸ். "அப்பா, அது இதுல சரி பாதி. ஒரு சக்கரம் தரையில நின்னா பாதிதான் வரும். ரெண்டையும் தூக்கினதுதான் கரெக்ட்."

"நீ உள்ள போ. கல்யாணப் பொண்ணு கிரீஸ் பக்கத்துல நிக்கப்படாது" என்றார் அப்பா. உமா முகம் சுருங்கி உள்ளே போனாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், உமா சொல்றது நியாயமா இருக்கே" என்றேன்.

ராகவாச்சாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க எந்த மினிஸ்ட்ரி?"

"பத்திரிகையில எழுதறேன்."

"அச்சா" என்றார். அந்த ஒரு அச்சாவோடு என் கட்சி முடிந்தது.

இப்போது பஞ்சாபகேசனின் சங்கடத்தைப் பாருங்கள். மேலதிகாரி கணக்குத் தப்பு என்று சொல்ல முடியுமா? ரிப்போர்ட் இருக்கிறது. தன் கணக்கை விட முடியுமா? மாப்பிள்ளை இருக்கிறார். சர்க்கார் ஆபீசில் இரண்டு பேருக்கு இரண்டு அபிப்பிராயம் வந்தால் என்ன செய்வார்கள்? எது சரி என்று பார்ப்பார்களா... சேச்சே! யார் மனமும் புண்படாமல் நடுவில் ஓர் இடத்தைப் பிடிப்பார்கள்.

"ஆவரேஜ் எடுத்துடலாமா, சார்?" என்றார் பஞ்சாபகேசன்.

"அதான் முறை" என்றார் ராகவாச்சாரி.

ஆவரேஜ் நாலும் சொச்சமும் வந்தது. துரதிர்ஷ்டம் பாருங்கள், கடையில் நாலேகால் இருந்தது. இல்லாமல் போயிருந்தால் பெண்ணின் மானம் பிழைத்திருக்கும்.

மாட்டினார்கள். ஜீப் முன்னைவிட வேகமாக ஓடியது! பின் சக்கரம் மட்டும் இழுக்கிறவரை முன்னால் என்ன ரேஷியோ இருந்தால் யாருக்கு என்ன? காலனியை மூன்று தரம் சுற்றி வந்து, "சாரோட கைராசி" என்று ராகவாச்சாரியைப் புகழ்ந்தார் பஞ்சாபகேசன். உமா என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

வந்தது கல்யாணம். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை ஊர்வலம். ஜீப் முழுக்க சாமந்திப்பூ. பின்னால் மாப்பிள்ளை. ஸ்டியரிங்கில் பஞ்சாபகேசன். பக்கத்து சீட்டில், வேறு யார்? அழைக்காமலே ஏறி உட்கார்ந்திருந்தார்.

பாதி வழியில் டெலிபோன் கேபிளுக்காகத் தோண்டிப் போட்டிருந்த ரோடு. காலையில் பெய்த மழை. பின் சக்கரம் சேற்றில் இறங்கி அங்கேயே சுற்றியது.

"என்ன பாக்கறீர்? ஃபோர் வீல் போடும்யா! எதுக்கு இருக்கு அது?" என்றார் ராகவாச்சாரி.

போட்டார். ஜீப் உறுமிக்கொண்டு சேற்றைவிட்டு ஏறியது. நாயனக்காரர் உற்சாகமாக ஊதினார். கெட்டி ரோட்டுக்கு வந்ததும்தான் வேடிக்கை ஆரம்பித்தது. முன் சக்கரம் வரமாட்டேன் என்கிறது, பின் சக்கரம் விடமாட்டேன் என்கிறது. ஜீப் முரட்டு மாடு மாதிரித் துள்ளியது. மாப்பிள்ளையின் மாலை காதுவரை ஏறியது. பிறகு அடியில் ஒரு 'டமார்'. எண்ணெய் ஒழுகியது. நாயனம் நின்றது.

அந்த அமைதியில் சம்பந்தியம்மாள் பேசினார். "எங்க ஊர்ல மாப்பிள்ளையைக் கார்ல அழைச்சுண்டு வருவா. டெல்லியில மாப்பிள்ளைதான் காரை அழைச்சுண்டு வரணுமோ?"

பஞ்சாபகேசன் முகத்தில் ரத்தம் இல்லை. அவரைத் திட்டுவதற்காக நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த முகத்தைப் பார்த்ததும் மறந்துபோயிற்று. ஒரே பெண்ணின் கல்யாணம், ஐயா.

மாப்பிள்ளை நல்ல பையன். அம்மா அடுத்த வாக்கியத்தை எடுப்பதற்குள் குதித்து இறங்கி, "தள்ளிடலாம் மாமா, மண்டபம் பக்கம்தானே?" என்று தோளைக் கொடுத்துவிட்டார். அவரே தள்ளும்போது அம்மா என்ன சொல்ல முடியும்? ராகவாச்சாரி மட்டும் இறங்கவில்லை. வழி சொல்ல ஒருவர் வேண்டாமா?

மறுநாள் முகூர்த்தம் நல்லபடியாக நடந்தது. அதற்கடுத்த நாள் காலை மோதி பாக்கில் ஒரு காட்சி. லுங்கியோடு மாப்பிள்ளை, கட்டி இழுத்து வந்து போட்ட ஜீப்புக்கு அடியில். ஒரு பக்கச் சக்கரத்தில் புதுத் தாலியோடு உமா, மறுபக்கத்தில் நான். இரண்டு சக்கரத்தையும் தூக்கித்தான். முன்னால் ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவு. பின்னால் நாலேகால்.

"எப்படி இப்படி மாட்டினாங்க?" என்று அடியிலிருந்து குரல் வந்தது. உமா சொன்னாள், ஒன்றுவிடாமல்.

மாப்பிள்ளை வெளியே தலையை நீட்டினார். "நீ சொன்னியா? சொல்லியும் கேக்கலியா?"

பஞ்சாபகேசன் தலையைக் குனிந்துகொண்டார். "தப்பு என்னோடதுதான், உமா. பயந்துட்டேன்" என்றார். ராஜம் அவருக்கு ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தார்.

விஷயம் அதோடு அழகாக முடிந்திருக்கும். ஆனால் கேட்டைத் திறந்துகொண்டு ராகவாச்சாரி வந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தாடையைத் தடவினார்.

"அப்போ இப்ப நம்மகிட்ட மூணு கணக்கு இருக்கு..." என்று இழுத்தார். "மூணுக்கும் சேர்த்து ஒரு ஆவரேஜ் எடுத்துடலாமே?"

மாப்பிள்ளை ஜாக்கிக் கம்பியைக் கையில் எடுத்தார். நல்ல வேளை, உமா அதை வாங்கி வைத்துவிட்டாள்.

ராகவாச்சாரி எந்த இலாகா என்று நான் சொல்லவில்லையே? பாலம் கட்டுகிற இலாகா.