அக்காவின் பெயரில் விற்ற விளையாட்டு

நவி மும்பை ஐரோலியில் எனக்கு ரத்தம் வரைகிற வேலை. சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் அதுதான் வேலை. வெளிநாட்டுக் கம்பெனிகளின் வீடியோ கேம்களில் குண்டு பட்டவன் சட்டையில் கறை எப்படிப் பரவ வேண்டும், வெட்டுப்பட்ட தோளில் சதை என்ன நிறத்தில் தெரிய வேண்டும் என்பதையெல்லாம் எங்கள் அலுவலகத்தில் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வரைகிறோம். "இன்னும் கொஞ்சம் ஈரமாக இருக்கட்டும்" என்று அங்கிருந்து குறிப்பு வரும். ஈரமாக்கி அனுப்புவோம். அந்த விளையாட்டுகள் உலகம் முழுக்க விற்கின்றன. எந்தக் கிரெடிட் கார்டு கம்பெனியும் அதற்கு முகம் சுளித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நான் சொந்தமாகச் செய்த விளையாட்டில் சாவது ஒரே ஒரு ஆள். அதைத்தான் விற்கக் கூடாது என்றார்கள்.

அந்த ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் தொண்ணூற்றிரண்டில் பம்பாய் எரிந்த நாட்களுக்குப் போக வேண்டும். நான் அப்போது பள்ளிக்கூடம் சேராத பிள்ளை. அக்காவுக்குப் பாவாடை சட்டை போடுகிற வயது. ஒரு நாள் காலையில் அப்பா குர்லா பட்டறைக்கும் அம்மா மாட்டுங்காவில் ஒரு வீட்டு வேலைக்கும் போயிருந்த நேரத்தில் எங்கள் தாராவிச் சந்துக்குள் கலவரம் நுழைந்தது. அக்கா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ரயில் பாலம் ஏறி இறங்கி, மாட்டுங்காவில் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அடுக்களை வரைக்கும் ஓடியே போய்ச் சேர்ந்தாள்.

எங்கள் வீட்டில் ஆட்கள் கூடும்போதெல்லாம் யாராவது அவளை இந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறாள், சாவு வீட்டிலும் சொல்லியிருக்கிறாள். கடைசியில் எப்போதும் ஒரே மாதிரி முடிப்பாள். "வழியில என்னென்னமோ கெடந்துச்சு. நான் இவன் கண்ணப் பொத்திட்டேன்லா. இவன் ஒண்ணும் பாக்கல." சொல்லிவிட்டு என் தலையைத் தட்டுவாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். தன் கல்யாணம் நிலைக்கவில்லை, படிப்பு பாதியில் நின்றது, எதைப் பற்றியும் பெருமை பேசிக்கொள்ளாதவள். இந்த ஒன்றைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் நிமிர்ந்திருக்கும்.

நான் பார்த்தேன். அவள் விரல் இடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன். காலையில் சைக்கிளில் பாவ் ரொட்டி விற்க வருகிறவர், எனக்கு ஒரு பாவ் சும்மா கொடுப்பவர், அவரைக் குழாயடியில் வைத்து வெட்டினார்கள். சைக்கிள் சாய்ந்து, பாவ் எல்லாம் தண்ணீரில் மிதந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடம் எப்படிச் சொல்வேன்?

சொல்ல முடியாததைத்தான் விளையாட்டாகச் செய்தேன். இத்தனை வருடம் பிறத்தியார் கதைக்கு ரத்தம் வரைந்த கைக்கு, ஒரு தடவையாவது நிஜமாக வரைய வேண்டும் என்று இருந்தது. விளையாடுகிறவர் அதில் குழந்தை. கையில் துப்பாக்கி கிடையாது, யாரையும் அடிக்க முடியாது. முகத்தின் மேல் ஒரு சிறுமியின் கை எப்போதும் இருக்கும். அந்த விரல்களுக்கு நடுவே தெரிகிறதுதான் உலகம். வேண்டுமானால் கண்ணை மூடிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து சில வருடங்களில் முடித்தேன். என்னோடு வேலை பார்க்கும் மாட்டுங்காக்காரி ஒருத்தி ஒலி சேர்த்துக் கொடுத்தாள்.

இணையத்தில் ஒரு வெளிநாட்டுக் கடையில் ஏற்றினோம். வன்முறை உண்டா, உண்மை நிகழ்ச்சியைப் போன்றதா என்று கேட்டார்கள். உண்டு, ஆமாம் என்று போட்டேன். கொஞ்ச நாளில் ஒரு மெயில் வந்தது. பணப் பரிவர்த்தனை செய்துதரும் நிறுவனங்களின் விதிகளுக்கு ஒத்துவராததால் பொருள் நீக்கப்பட்டது என்று இரண்டு வரி. எந்த விதி என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

மாட்டுங்காக்காரி டீ குடித்துக்கொண்டே எனக்கு விளக்கினாள். "கடைக்காரன் என்ன பண்ணுவான், பாவம். கார்டு கம்பெனிக்காரா கண்ணை உருட்டினா அவன் கடையையே மூடிண்டு போகணும். பெரிய கம்பெனி கேமைத் தொட முடியுமோ? நம்மளைத் தூக்கிப் போட்டா ஏன்னு கேக்க நாதியில்லை."

"சட்டம் ஒண்ணும் தடுக்கலியே?"

"சட்டத்துக்கு என்ன தெரியும்? பணம் போற குழாய் அவா கையில இருக்கு. திருகி மூடிட்டா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடை வேண்டாம், நானே ஒரு பக்கம் திறந்து விற்கிறேன் என்று இறங்கினேன். அதற்குப் பணம் வாங்க ஒரு வியாபாரக் கணக்கு வேண்டும். வேலைக்குச் சேரும்போதே வேறு தொழில் செய்ய மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்ததால் என் பெயரில் திறக்க முடியாது. அக்காவிடம் போனேன்.

தாராவியில் இது சகஜம். கடை நடத்த மாநகராட்சி கொடுக்கிற உரிமத்தை இங்கே குமாஸ்தா என்பார்கள். ஒரு வீட்டில் ஒரு குமாஸ்தா இருந்தால் போதும், அந்த வீட்டு ஆட்கள் எல்லோருடைய பிழைப்பும் அதன் கீழேதான் நடக்கும். அக்கா முறுக்கு வியாபாரத்துக்காக எடுத்த குமாஸ்தாவில்தான் எங்கள் மாமா பெல்ட் தைத்து பில் போடுகிறார். யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. கேட்காமல் இருந்தால்தான் உறவு முறிந்துபோகும்.

"என்ன கேமுல அது?" என்று கேட்டாள்.

"ஓடுத கேமுக்கா."

"சின்னப் புள்ளைய வெளாடுததா?"

"ஆமா" என்றேன். அவள் மாவு பிசைந்த கையைத் துடைத்துக்கொண்டு போனைத் தந்தாள். அவளுடைய க்யூஆர் அட்டையைக் கொடுத்த அதே கம்பெனியில், அதே கணக்கில், என் விளையாட்டுக்கும் ஒரு லிங்க் போட்டுக்கொண்டேன்.

விற்பனை என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாங்கியவர்களில் யாரோ ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார். தீபாவளி நெருங்கும்போது அக்காவின் டப்பா பேச்சை நிறுத்தியது.

டப்பா என்றால், பணம் வந்ததும் இந்தியில் சத்தம்போட்டுச் சொல்கிற பெட்டி. அக்காவுக்கு அது ரொம்ப முக்கியம். நாள் முழுக்கக் கையில் மாவும் எண்ணெயுமாக இருப்பவள் போனைத் தொட்டுப் பார்க்க முடியாது. டப்பாக்காரி சொன்னால் பொட்டலம் கைமாறும். முதல் நாள் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து அதைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறாள். அப்புறம்தான் தெரிந்தது, கணக்கையே முடக்கிவிட்டார்கள். மாட்டுங்கா வீடுகளும் செம்பூர்க் கடைகளும் தீபாவளி ஆர்டருக்குப் போட்ட முன்பணம் மொத்தமும் உள்ளே மாட்டிக்கொண்டது. அரிசி மாவுக்கும் வெண்ணெய்க்கும் அதைத்தான் நம்பியிருந்தாள். வேறு கம்பெனியில் கேட்டோம். அந்தப் பெயரில் ஏதோ பிரச்சினை காட்டுகிறது, முதலில் அதைத் தீர்த்துவிட்டு வாருங்கள் என்று கையை விரித்துவிட்டார்கள். வருடம் முழுவதும் அவள் சம்பாதிப்பது ஒரு பக்கம், தீபாவளி மாதம் ஒரு பக்கம். அது போனால் அவளோடு முறுக்குச் சுற்றும் பெண்களுக்கும் அந்த மாதம் ஒன்றுமில்லை.

"எலே, ஒன் கேமுல என்னல கெடக்கு?" என்று கேட்டாள். "வெட்டு குத்துன்னு மெசேஜ் வந்திருக்குன்னு முறுக்குச் சுத்துத அந்தப் பிள்ள வாசிச்சுச் சொல்லுதா."

"ஒண்ணுமில்லக்கா. சும்மா."

"சும்மான்னா நம்ம டப்பாவ ஏம்ல பந்த் பண்ணுதான்?"

அந்த வாரம் ஐரோலியில் எனக்கு வந்த வேலை, தூரத்திலிருந்து சுடப்பட்ட ஒருவனின் தலை சிதறும் காட்சி. சிதறல் சுவரில் எவ்வளவு உயரம் தெறிக்க வேண்டும் என்பதற்கு அளவு கொடுத்திருந்தார்கள். வரைந்தேன். மாதச் சம்பளம் ஒழுங்காக வந்தது.

விளையாட்டின் பக்கத்தை டப்பா நின்ற அன்றைக்கே மூடியிருந்தேன். அது போதாதாம். செம்பூரில் இருந்த, டப்பா கொடுத்த கம்பெனியின் ஆபீசுக்குப் போனேன். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும், போன் வரும் என்றார்கள். நான் பேசுகிறேனே என்று கெஞ்சினேன். முடியாது என்றார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே பயம். டப்பா திரும்ப வருமா என்பதை விட, அவர்கள் அவளிடம் என்ன கேட்பார்கள் என்பதுதான் பயம்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். அக்கா முறுக்கு அச்சைப் பிழிந்துகொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன். மறுமுனையில் ஒரு பெண், மரியாதையான இந்தி. பெயர், தொழில், குமாஸ்தா எல்லாம் கேட்டாள். அக்கா தன் பம்பாய் இந்தியில் டக்டக்கென்று பதில் சொன்னாள். பிறகு அந்தப் பெண், "மேடம், உங்கள் கணக்கில் விற்ற பொருளின் விவரத்தை வாசிக்கிறேன், உங்களுடையதுதானா என்று சொல்லுங்கள்" என்றாள்.

"மேடம், அது நான்..." என்று குறுக்கே புகுந்தேன்.

"சார், ப்ளீஸ். நீங்கள் பேசக் கூடாது."

வாசித்தாள். கலவரம் நடக்கும் தெரு. ஒரு சிறுமி, அவள் இடுப்பில் ஒரு குழந்தை. சைக்கிளில் பாவ் விற்கும் ஒருவரைக் குழாயடியில் வெட்டிக் கொல்கிறார்கள். சிறுமி குழந்தையின் கண்களைப் பொத்துகிறாள். குழந்தை அவள் விரல்களுக்கு நடுவே முழுவதையும் பார்க்கிறது.

அச்சைப் பிடித்திருந்த அக்காவின் கை அப்படியே நின்றது. எண்ணெய்ச் சட்டியில் கிடந்த முறுக்கு கறுக்கத் தொடங்கியது. நான்தான் எட்டி அடுப்பை அணைத்தேன்.

"மேடம், கேட்கிறதா? இது உங்களுடையதுதானா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "ஹாங்" என்றாள். "மேரா ஹை." என்னுடையதுதான் என்று.

"இதை நிரந்தரமாக நீக்கிவிட்டு, இனி எங்கேயும் விற்க மாட்டோம் என்று நீங்கள் சொல்ல வேண்டும்."

"ஹட்டா தேங்கே" என்றாள் அக்கா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நீக்கிவிடுகிறோம், இனி விற்க மாட்டோம் என்று அந்தப் பெண் சொல்லச் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னாள். பதிவாகிவிட்டது, நன்றி, தீபாவளி வாழ்த்துகள் என்று சொல்லி அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

அக்கா அச்சைக் கீழே வைத்தாள்.

"பாத்தியால நீ?"

"பாத்தேன்க்கா."

"நான் பொத்தினேன்லா."

"பொத்தின. ஒன் கை சின்னக் கை."

அவள் கருகிய முறுக்கை எடுத்துத் தனியாகப் போட்டுவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து, அடுத்ததைப் பிழிந்தாள். நான் உள்ளே போய்க் கம்ப்யூட்டரைத் திறந்து எல்லாவற்றையும் அழித்தேன். விற்பதைத்தான் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அதை வைத்திருக்கவும் மனசு வரவில்லை.

இரண்டொரு நாளில் டப்பா மறுபடி பேசியது. முறுக்குச் சுற்றும் பெண்கள் கை தட்டிச் சிரித்தார்கள். ஆர்டர் எல்லாம் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது. மாட்டுங்காக்காரி போன் செய்து, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றாள். நானும் ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

தீபாவளிக்கு வீடு நிறைய ஆட்கள். சாப்பிட்டு முடித்ததும் மாமா வழக்கம்போல, "ஏட்டி, அந்தக் கலவரத்துல இவனத் தூக்கிட்டு ஓடினியே, அதச் சொல்லு. எம் புது மருமகன் கேக்கட்டும்" என்றார்.

அக்கா எழுந்தாள். அடுப்பில் என்னவோ இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.