வாசலில் செருகிய வேப்பிலை

மைசூரில் எங்களுக்கு மேலே இருந்த மாடிவீட்டில் ஹனூர்ப் பக்கத்துக் கிராமத்துச் சிறுமி ஒருத்தி வேலை செய்தாள். அந்த வீட்டுக்காரர்கள் வெளியே போகும்போதெல்லாம் அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். ஜன்னலில் அந்த முகத்தைப் பார்த்தால், ஊர் வம்பு எதற்கென்று தலையைத் திருப்பிக்கொள்வேன்.

என் மகனுக்குப் பள்ளியில் ஓர் அமெரிக்க நாவல் பாடம். அடிமை ஒருவர் தப்பிக்க ஒரு சிறுவன் பொய் சொல்கிறான்.

"அது தப்பாப்பா?"

"பொய் எப்பவும் தப்புதான்டா" என்றேன்.

ஒரு ஞாயிறு மார்க்கெட்டிலிருந்து திரும்பினால், எங்கள் வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. மாடிவீட்டுக்காரி படியிலேயே ஒதுங்கி நின்றாள்.

"உங்க பையனுக்கு அம்மை போட்டிருக்காமே. கொஞ்ச நேரம் பூட்டாம விட்டேன், எங்க வேலைக்காரப் பொண்ணு ஓடிப்போயிட்டா சார். சொந்த மக மாதிரி வெச்சிருந்தேன்."

சொந்த மகளை எவள் பூட்டி வைப்பாள்? பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன். அம்மை எதுவும் இல்லாத என் மகன் அந்தச் சிறுமிக்குத் தோசை வைத்துக்கொண்டிருந்தான்.

"குழந்தைகள் உதவி நம்பருக்குப் போன் பண்ணிட்டேன், வர்றாங்க. பொய் சொன்னதுக்காக என்னை அப்புறமா திட்டுங்கப்பா."

வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

"நீங்க அவளைப் பாத்தீங்களா சார்?"

"பாக்கலைங்க" என்றேன்.

அவளிடம் சொன்ன அந்தப் பொய்க்கு நான் வெட்கப்படவில்லை. அதே பொய்யை ஒரு வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேனே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.