பொன்முடி இறக்கத்தில் காணாமல் போன பிரேக்

சூப்பிரண்டு பிள்ளை பொய் சொன்னார். பொன்முடியில் ஒரு தேயிலைத் தோட்டத்து வண்டிகளைக் கவனிக்கிறவர் அவர். போன மாதம் தேயிலைப் பெட்டிகளோடு இறங்கிய வேன் ஒரு வளைவில் பிரேக் பிடிக்காமல் ஓடி, மலைப்பக்கத்துப் பாறையில் உரசி நின்றது. பிள்ளை இரண்டு மணி நேரம் கழித்து வந்து மிதித்துப் பார்த்தார். பிரேக் பிடித்தது. உடனே டிரைவர் ஞானமுத்து குடித்திருந்தான் என்று எழுதி வேலையை விட்டு நீக்கினார்.

ஞானமுத்து குடிக்கிறவன் இல்லை. நான் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் இருபது வருஷமாகப் பிரேக் லைனிங் விற்கிறேன், தோட்டத்துக்கு வாங்க அவன்தான் வருவான். அந்தப் பிரேக் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். அதைக் காட்டத்தான் சனிக்கிழமை பொன்முடி போனேன்.

காலை ஆறு மணிக்குத் தம்பானூரில் பஸ். நெடுமங்காடு பதினெட்டு கிலோமீட்டர். அங்கிருந்து விதுரா ஏறக்குறைய இன்னொரு இருபது. எட்டு மணிக்கு விதுராவில் ஞானமுத்து காத்திருந்தான். டீ அறுபது பைசா. கடைக்காரர் அவனைப் பார்த்து, "இன்னிக்கு சாயா போதுமோ ஞானமுத்து, இல்ல மற்றது வேணுமோ?" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வெளியே போனான். மூன்று ஞாயிறாகச் சபைக்கும் போகவில்லையாம்.

கல்லாறு தாண்டினால் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். பத்து மணிக்குத் தோட்டம் போய்ச் சேர்ந்தோம். மேனேஜர் என் கடை வாடிக்கைக்காரர். அதே வேனை, அதே பாரத்தோடு இறக்கிப் பார்க்கச் சம்மதித்திருந்தார். பிள்ளைக்கு முகம் கோணியது. "ஞான் தன்னே பிரேக்கைச் சவிட்டிப் பாத்ததாக்கும். கல்லு போல நிக்குது," என்றார்.

அவருக்குப் புரியாதது இதுதான். வேனில் இருப்பது டிரம் பிரேக். சக்கரத்தோடு சுற்றும் இரும்புச் சட்டிக்குள், உரசுகிற லைனிங் ஒட்டிய இரண்டு வளைந்த ஷூ. மிதித்தால் அவை விரிந்து சட்டியின் உள்சுவரை அழுத்தும். சுற்றுகிற சட்டியே முன் ஷூவை இழுத்து இன்னும் இறுக்கும். அதனால் கொஞ்சம் மிதித்தாலே நன்றாகப் பிடிக்கும். விலையும் குறைவு. ஆனால் உரசலில் வரும் சூடு மூடிய சட்டிக்குள்ளேயே கிடக்கும். சூடேறிய சட்டி விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங் வழுக்கும், பெடல் தரையைத் தொடும். ஆறினால் எல்லாம் பழையபடி. இரண்டு மணி நேரம் கழித்து வருகிறவருக்கு என்ன தெரியும்?

மேனேஜரின் புதுச் சின்னக் காரில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். அது சக்கரத்தோடு சுற்றும் ஒரு தட்டு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உரசுகட்டை, அதாவது பேடு, அதை இடுக்கிபோலப் பிடிக்கும். தட்டு வெளியே திறந்திருப்பதால் காற்று பட்டு ஆறும். சூட்டில் தட்டு தடித்தாலும் பேடை நோக்கித்தான் தடிக்கும், விலகாது. தண்ணீர் பட்டாலும் உதறிவிடும். தன்னால் இறுகுகிற குணம் மட்டும் அதற்கு இல்லை. அழுத்திப் பிடிக்க வேண்டும்.

பதினொன்றுக்கு இறங்கினோம். ஞானமுத்து ஓட்டினான், நடுவில் பிள்ளை, ஓரத்தில் நான். பின்னால் மேனேஜர் கார். ஏழெட்டு வளைவு தாண்டினால் நீளமாக ஓர் இடம், எதிரே வருவது தெரியும். சோதனை அதுவரைதான் என்று பேச்சு. இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விட வேண்டும் என்பது பிள்ளை போட்ட சட்டம். விபத்தன்று போலவே ஞானமுத்து கியரை எடுத்துவிட்டான். எஞ்சின் பிடிக்கவில்லை, எல்லாப் பாரமும் பிரேக்கின் தலையில். ஐந்தாவது வளைவில் லைனிங் கருகும் நாற்றம். ஏழாவதில் பெடல் பாதி போனது. அந்த நீள இடத்தில் அவன் மிதித்தான். தரை வரை போனது. வேன் வேகம் பிடித்தது.

பிள்ளை டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, "கியரில போடுடா ஞானமுத்து, கியரில போடு," என்று கத்தினார்.

"உங்க ஓர்டர் நியூட்ரல் இல்லியா சாரே?" என்று கேட்டுக்கொண்டே அவன் மூன்றாவதில் போட்டான், பிறகு இரண்டாவதில். எஞ்சின் உறுமி வண்டியை இழுத்துப் பிடித்தது. அடுத்த வளைவுக்கு முன்னாலேயே ஓரத்து மண்ணில் ஏற்றி நிறுத்தினான். பிள்ளையின் வேட்டி வேர்வையில் ஒட்டியிருந்தது. எனக்கு இத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

மேனேஜர் காரும் அதேபோல நியூட்ரலில்தான் வந்தது. பெடல் கெட்டியாகவே இருந்தது. கார் கனம் குறைந்தது, சுமையும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, பிள்ளையையே வேன் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். கல் போல நின்றது. மேனேஜர் வேன் சாவியை ஞானமுத்துவிடம் கொடுத்து, திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரச் சொன்னார்.

மீதி மலையை இரண்டாவது கியரில் இறங்கினோம். பிரேக்கை எப்போதாவது தொட்டால் போதும். மாலை நான்கு மணிக்குக் கடை திறந்தேன். இங்கே சமதரையில் ஓட்டுகிறவர்கள், எந்த லைனிங் அதிக நாள் உழைக்கும் என்று மட்டும் கேட்கிறார்கள். மலைக்குப் போகிறவர்களிடம் இனி நானே கியரைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

ஞானமுத்துவுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஆனால் குடிகாரன் என்ற பேச்சு விதுராவில் இன்னும் ஓடுகிறது. பிள்ளை சாரே, அதைக் கிளப்பியது நீர். அந்த டீக்கடை பெஞ்சுக்கு முன்னால் நின்று, எல்லாரும் கேட்கப் பதில் சொல்லும்: பாரம் ஏற்றிய வண்டியை நியூட்ரலில் இறக்கச் சொன்னது யார்?