நான் வாடகைக்கு எடுத்த வீட்டில் பிறந்தவள்

பழைய நெசவாலைக் கிராமமொன்றில், புதுப்பித்த தொழிலாளர் வீடு ஒன்றை வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறேன்.

இன்று பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், வழக்கமான தேநீர்க் கடை அண்ணையிடம் அதன் படங்களைக் காட்டினேன். அவர் முகமே மாறிவிட்டது.

“அகதியாய் வந்த புதுசிலை எங்களை வைச்சிருந்த வீடு இது. இந்தக் குசினியிலைதான் மகள் பிறந்தவள். பனி கொட்டி ஆம்புலன்ஸ் வரேல்லை. நான்தான் பிள்ளையைக் கையிலை ஏந்தினனான்.”

கல்லாவில் இருந்த மகள் திகைத்துப்போனாள். “ஆஸ்பத்திரியில் பிறந்தேன் என்றீர்களே!” என்று பிரெஞ்சில் கத்தினாள்.

“அம்மாவுக்கு அதை நினைக்கவே பயம். அதுதான் சொல்லேல்லை.”

மகள் என் போனை வாங்கி, அந்தச் சமையலறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தமிழில், “அக்கா, நாங்களும் வரட்டே?” என்றாள்.

தனிமை தேடிப் பிடித்த வீட்டுக்கு இப்போது ஒரு குடும்பமே வருகிறது. நீங்களாக இருந்தால் மாட்டேன் என்றிருப்பீர்களா?